காய்ச்சல் போன பின்னும் போகாத நோவு

கொசு கடித்தால் காய்ச்சல் வரும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். மலேரியாவும் யானைக்காலும் கொசுவினால் வருவன என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் ஒரு கொசுக்கடியினால் மணிக்கட்டும் முழங்காலும் மாதக்கணக்கில் வீங்கி நோகும் என்று சொன்னால், கேட்பவருள் சிலர் ஐயுறக் கூடும். மூட்டுநோய் என்றால் அது முதுமையோடு வருவது, வாயுவினால் வருவது, குளிர்ந்த ஊரில் குடியிருப்பதால் வருவது என்றே நம்மவர் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கின்றனர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது முதுமையையும் வாயுவையும் குளிரையும் எதிர்பாராமல் வருகிற ஒரு மூட்டுநோயைப் பற்றி. இருபது வயது இளைஞனையும் அது கைத்தாங்கலாக நடக்க வைத்துவிடும். சிக்குன்குனியா என்பது அதன் பெயர்.

இந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், இது கோழி இறைச்சியால் வரும் நோய் என்று எண்ணி, கோழியை விலக்கியவர்கள் பலர். கோழிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்று தான்சானியா என வழங்கும் நாட்டின் தென்கோடியில், மாகொண்டே என்னும் மேட்டுநிலம் ஒன்று உண்டு. 1952ஆம் ஆண்டின் இறுதியிலும் 1953ஆம் ஆண்டிலும் அங்குள்ள ஊர்களில் ஒரு காய்ச்சல் பரவியது. மேரியன் ராபின்சன், லம்ஸ்டன் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் அதை ஆராய்ந்து 1955ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர். காய்ச்சல் கண்டவர்கள் மூட்டுவலி தாங்காமல் உடல் வளைந்து கிடந்தனர். அந்த நிலையை அவ்வூர் மக்கள் தம் மாகொண்டே மொழியில் சிக்குன்குனியா என்றனர். வளைத்து முடக்குவது என்பது அச்சொல்லின் பொருள். நோயின் முதன்மையான அடையாளம் காய்ச்சல் அன்று, மூட்டுவலியே என்பதை அந்த எளிய மக்கள் பெயர் வைத்தபோதே கண்டுகொண்டனர்.

நம் நாட்டிற்கு இது புதிய நோய் அன்று. 1963ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பெருவாரியாகப் பரவியது. அடுத்த ஆண்டு சென்னையிலும் வேலூரிலும் புதுச்சேரியிலும், ஆந்திரக் கடற்கரை நகரங்களிலும் பரவியது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினரும் பூனாவில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தாரும் அக்காலத்திலேயே இதை ஆராய்ந்தனர். 1973ஆம் ஆண்டில் மராட்டிய நாட்டு பார்சி நகரில் ஒரு முறை தலைகாட்டியது. அதன் பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நோய் பெரிதாகப் பரவியதாகச் செய்தி இல்லை. மருத்துவ மாணவர்கள் புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்து மறக்கும் நோயாக அது ஆகிவிட்டது.

2004ஆம் ஆண்டில் கென்யக் கடற்கரையில் மீண்டும் எழுந்த இந்நோய், இந்துமாக் கடல் தீவுகள் வழியே பயணம் செய்தது. தமிழ் வழியினர் பலர் வாழும் ரெயூனியன் தீவில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் மூன்றில் ஒருவர் என்னும் அளவுக்கு மக்கள் நோயுற்றனர். 2005ஆம் ஆண்டின் இறுதியில் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் அது தோன்றியது. 2006ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்கு இந்நோய் கண்டிருக்கலாம் என்பது அரசாங்கக் கணக்கு. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கர்நாடகத்தவர். முப்பது ஆண்டுகள் நோயையே காணாத தலைமுறைக்கு அதை எதிர்க்கும் ஆற்றல் உடம்பில் இல்லை. அதனால்தான் காட்டுத்தீப்போல் பரவிற்று. அதன் பின்னர் இந்நோய் நம் நாட்டை விட்டு நீங்கவே இல்லை. 2016ஆம் ஆண்டில் தில்லி மாநகரம் பட்ட பாட்டை அங்குள்ள நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி, நோய் எவ்வாறு வருகிறது என்பதைப் பார்ப்போம். இதற்குக் காரணம் ஒரு வைரஸ். அதை ஒருவரிடமிருந்து எடுத்து மற்றவர்க்குக் கொடுப்பது ஏடிஸ் என்னும் கொசு. கறுத்த உடலும் கால்களில் வெள்ளை வளையங்களும் உடையது அது. டெங்குவைப் பரப்புவதும் அதே கொசுதான். இந்தக் கொசு இரவில் அன்று, பகலில் கடிக்கும். விடிந்த சில மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்திய சில மணி நேரமும் அதற்கு மிக உகந்தவை. ஆகவே, இரவில் மட்டும் கொசுவலை கட்டிக்கொண்டு நமக்கு இனி அச்சமில்லை என்றிருப்பது பொருந்தாது. பகலில் உறங்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் வலை வேண்டும்.

நோயுற்றவரின் இரத்தத்தில் முதல் வாரத்தில் வைரஸ் நிறைந்திருக்கும். அந்த நாட்களில் அவரைக் கடித்த கொசு, சில நாட்களுக்குப் பின் பிறரைக் கடித்தால் அவர்களுக்கும் நோய் வரும். கடித்த மூன்று முதல் ஏழு நாட்களில் காய்ச்சல் தொடங்கும். காய்ச்சல் திடீரென்று வரும், கடுமையாக வரும். உடம்பில் தடிப்புகள் தோன்றலாம். முதல் நாளிலேயே விரல்கள், மணிக்கட்டு, கணுக்கால், முழங்கால் ஆகிய மூட்டுகள் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் இரு பக்கத்து மூட்டுகளும் ஒருங்கே நோகும். சட்டைப் பொத்தானைப் போடவும், தண்ணீர்க் குழாயைத் திருகவும், சோற்றைப் பிசைந்து உண்ணவும் விரல்கள் இணங்கா. காலையில் எழுந்து தரையில் காலை ஊன்றும் அந்த முதல் அடிதான் பலர்க்கும் பெருந்துன்பம்.

ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் தணிந்துவிடும். மரணம் நேர்வது அரிது. பச்சிளங் குழந்தைகள், முதியோர், நீரிழிவும் இதயநோயும் உடையோர் ஆகியோரிடத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பேறுகாலத்தில் தாய்க்கு இக்காய்ச்சல் இருக்குமானால் பிறக்கும் குழந்தைக்கும் தொற்றக்கூடும். அத்தகைய பிரசவம் மருத்துவமனையிலேயே நிகழ வேண்டும்.

காய்ச்சல் தணிந்த பின்னர்தான் இந்நோயின் இரண்டாம் பகுதி தொடங்குகிறது. பலருக்கு மூன்று வாரங்களுக்குள் மூட்டுவலியும் நீங்கிவிடுகிறது. வேறு சிலருக்கு மாதங்கள் செல்கின்றன. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறுபட்டாலும், பத்துப் பேரில் மூவர்க்கோ நால்வர்க்கோ மூன்று மாதங்களுக்கு அப்பாலும் வலி நீடிக்கிறது என்பது பொதுவான மதிப்பீடு. ஆண்டுக்கணக்கில் அவதியுறுவோரும் உண்டு. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள், பெண்கள், முன்னரே மூட்டுநோய் உடையவர்கள், முதல் வாரத்தில் மிகக் கடுமையான வலி கண்டவர்கள் ஆகியோருக்கு அது நீடிக்கும் வாய்ப்பு மிகுதி.

ஏன் நீடிக்கிறது? நம் மூட்டுகளின் உட்புறத்தை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. மூட்டு தேயாமல் அசைவதற்கு வேண்டிய வழவழப்பான நீரைச் சுரப்பது அதுவே. இந்த வைரஸ் அச்சவ்வின் உயிரணுக்களிலும் தசைகளிலும் புகுந்து பெருகுகிறது. அதை அழிப்பதற்காக உடம்பின் காவற்படையாகிய வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. போர் நடக்கும் இடத்தில் வீக்கமும் வெப்பும் வலியும் உண்டாகின்றன. வைரஸ் இரத்தத்திலிருந்து நீங்கிய பின்னரும் சிலரிடத்தில் அந்தப் படை கலைவதில்லை. ரெயூனியனில் நடந்த ஓர் ஆய்வில், நோயுற்றுப் பதினெட்டு மாதங்கள் ஆன ஒருவரின் மூட்டுச் சவ்வில் வைரஸின் எச்சங்கள் காணப்பட்டன. கொலம்பியாவில் பின்னர் நடந்த ஆய்விலோ, நாட்பட்ட வலியுடையோரின் மூட்டு நீரில் வைரஸ் காணப்படவில்லை. ஆகவே எச்சமாகத் தங்கிய வைரஸ்தான் காரணமா, அல்லது காவற்படை ஓயாமையே காரணமா என்று அறிஞர்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். எதுவாயினும், மூட்டில் வீக்கம் இருப்பது மெய். அது மனத்தின் மயக்கம் அன்று.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காய்ச்சல் உள்ளவரைக் கண்டால் வீட்டாரும் அயலாரும் இரங்குவார்கள். காய்ச்சல் நீங்கி இரண்டு மாதம் ஆன ஒருவர், கை வலிக்கிறது என்றால் யாரும் நம்புவதில்லை. முகத்தில் நோயின் களை இல்லை, உடம்பு சுடவில்லை, ஆனால் ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. வீட்டில் அவரைச் சோம்பேறி என்பார்கள். வேலையிடத்தில் சாக்குச் சொல்கிறார் என்பார்கள். தாய் தந்தையரும் உற்றாரும் தொலைவில் இருக்க, வேற்றூரில் நாட்கூலிக்கு உழைப்பவர்க்கும், கட்டடத்தில் கல் சுமப்பவர்க்கும், பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கி வாழும் பெண்களுக்கும் இந்த அவநம்பிக்கை நோயினும் கொடிது. வேலைக்குப் போனால் மூட்டு வீங்குகிறது. போகாவிட்டால் அடுப்பு எரியாது. அத்தகையோரை இந்நேரத்தில் தாங்கிப் பிடிப்பது அக்கம்பக்கத்தில் உள்ள தமிழ்க் குடும்பங்களின் கடமை. ஒரு வேளைச் சோறும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கித் தரும் ஒரு கையும் மருந்துக்கு இணையான உதவிகள்.

இனிச் செய்ய வேண்டுவன யாவை, செய்யத் தகாதன யாவை என்று பார்ப்போம்.

காய்ச்சல் கண்டவுடன் இது சிக்குன்குனியா என்று தாமே முடிவு கட்டலாகாது. டெங்குவும் இதைப் போலவே தொடங்கும். டெங்குவில் இரத்தம் கசியும் அபாயம் உண்டு. ஆஸ்பிரின் முதலிய வலிநிவாரண மாத்திரைகள் அந்தக் கசிவை மிகுவிக்கும். எனவே டெங்கு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்யும்வரை, வலி எவ்வளவு இருப்பினும் பாரசிட்டமால் ஒன்றே தக்கது. அதுவும் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் வேண்டா. நீர், கஞ்சி, மோர், இளநீர் ஆகியவற்றை நிறைய அருந்த வேண்டும். நிலவேம்புக் கஷாயம் அருந்தும் வழக்கமுடையோர், அதை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரத்தப் பரிசோதனை இருவகை. முதல் வாரத்தில் வைரஸையே தேடும் சோதனை பயன்படும். ஐந்து நாட்களுக்குப் பிறகு, வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளைத் தேடும் சோதனை பயன்படும். ஆகவே காய்ச்சல் தொடங்கிய தேதியை ஒரு தாளில் குறித்துக்கொண்டு செல்லுங்கள். அத்துடன் எந்தெந்த மூட்டுகள் வீங்கின, எந்தெந்த மாத்திரை உண்டீர்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மொழி தெரியாத ஊரில் இந்தத் தாள் உங்களுக்காகப் பேசும். இந்தியில் மூட்டுவலியை ஜோடோன் கா தர்த் என்பர். வீக்கத்தைச் சூஜன் என்பர். மராட்டியர் சாந்தேதுக்கி என்பர். கன்னடத்தில் கீலு நோவு என்றால் போதும். நம்முடைய நோவுதான் அங்கும் நோவு.

வலி பொறுக்காமல் சிலர் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள். மூட்டு புதிதாக வீங்கிச் சூடாக இருக்கும் நாட்களில் வெப்பம் வலியை மிகுவிக்கும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியே அப்போது நல்லது. முதல் நாட்களில் ஓய்வு வேண்டும். ஆனால் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தால் மூட்டு இறுகிவிடும். கடும் வலி தணிந்ததும் விரல்களை மெல்ல மடக்கி விரிப்பதும், கணுக்காலைச் சுழற்றுவதும், வீட்டுக்குள் நடப்பதும் செய்து வர வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கை மிக முக்கியமானது. மருந்துக்கடையில் கேட்டால், ஒரே நாளில் வலியை நீக்குவதாகச் சில மாத்திரைகளைக் கையில் கொடுப்பார்கள். சில இடங்களில் ஊசியும் போடுவார்கள். அவற்றில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு. அது வலியை மறைக்கும் என்பது உண்மை. ஆனால் மருத்துவர் மேற்பார்வை இன்றி மாதக்கணக்கில் உண்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், வேறு தொற்றுகள் எளிதில் புகும். திடீரென்று நிறுத்தினாலும் தீங்கு நேரும்.

மூன்று மாதங்கள் கடந்தும் மூட்டுகள் வீங்கியிருந்தால் மூட்டுநோய் மருத்துவரைக் காண வேண்டும். முடக்குவாதம் என்னும் வேறொரு நோயும் இதே தோற்றத்தில் வரக்கூடும். அதைப் பிரித்தறிவது அவர் தொழில். நாட்பட்ட வீக்கத்துக்கு மெத்தோட்ரெக்சேட் முதலிய மருந்துகளை அவர் கொடுக்கக்கூடும். அம்மாத்திரை பொதுவாக வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உண்ணத்தக்கது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. மொழி புரியாமல் இதில் தவறு நேர்வதற்கு இடமுண்டு. ஆகவே எந்தக் கிழமையில் உண்ண வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதித் தருமாறு கேட்டு வாங்குங்கள்.

தடுப்பூசி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். 2023ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் ஒரு தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. அதை இட்டுக்கொண்ட முதியோர் சிலர்க்குக் கடும் தீங்குகள் நேர்ந்ததால் 2025ஆம் ஆண்டில் அங்கேயே அனுமதி நிறுத்தப்பட்டது. வேறு முறையில் செய்த மற்றொன்று 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் அனுமதி பெற்றது. நம் நாட்டுப் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இந்நோய்க்கான ஊசி சேர்க்கப்படவில்லை. ஆகவே நமக்கு எட்டும் தடுப்பு ஒன்றுதான். கொசுவைப் பிறக்க விடாமல் செய்வதே அது.

ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. நாம் சேர்த்து வைத்திருக்கும் நல்ல தண்ணீரில் பிறக்கிறது. பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடுகிறது. அம்முட்டை நீரின்றி உலர்ந்து பல மாதங்கள் கிடந்தாலும் சாவதில்லை. மறுபடி நீர் பட்டதும் புழுவாகிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. வாரத்துக்கு ஒரு நாள் நீரைக் கொட்டிவிட்டால் கொசு பிறக்க நேரம் இராது. கொட்டினால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவினால்தான் முட்டைகள் ஒழியும்.

ஊருக்கு ஊர் அதன் தொட்டில் வேறுபடும். தில்லியில் கோடைக்காலத்துக் கூலர்களின் அடித்தட்டு அதற்கு உகந்த இடம். பம்பாயில் தண்ணீர் பிடித்து வைக்கும் பீப்பாய்களும், மழைக்காலத்தில் கூரைமேல் விரிக்கும் தார்ப்பாய் மடிப்புகளும் அத்தகையவை. பெங்களூரில் வீட்டடித் தொட்டிகளும், கட்டி முடியாத மாளிகைகளில் தேங்கும் நீரும் உண்டு. கேரளத்தில் 2007ஆம் ஆண்டில் நோய் பரவியபோது, ரப்பர்த் தோட்டங்களில் பால் பிடிக்கும் சிரட்டைகளில் மழைநீர் தேங்கியதும், அதில் ஏடிஸ் இனத்தின் மற்றொரு வகைக் கொசு பெருகியதும் கண்டறியப்பட்டன. அந்த வகைக் கொசுவினுள் எளிதாகப் பெருகுவதற்கு ஏற்ற சிறு மாறுதல் ஒன்றை அப்போதைய வைரஸ் அடைந்திருந்தது. தோட்டங்களில் வேலை செய்யும் நம்மவர், மழைக்காலத்தில் பால் வெட்டாத நாட்களில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைப்பது நலம்.

பயணத்தைப் பற்றியும் ஒரு சொல். 2007ஆம் ஆண்டில் கேரளத்திலிருந்து திரும்பிய ஒருவரிடமிருந்து இத்தாலி நாட்டின் ஒரு சிற்றூரில் இந்நோய் பரவி, ஏறத்தாழ இருநூறு பேரைப் பற்றியது. விமானம் ஏறியது கொசு அன்று, நோயுற்ற மனிதர். காய்ச்சல் கண்டதும் ஊருக்குப் போய்விட வேண்டும், அம்மா கையால் ரசம் குடித்தால் சரியாகிவிடும் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் முதல் வாரத்தில் பயணம் செய்வோர் நோயையும் உடன் கொண்டு செல்கின்றனர். அந்த ஒரு வாரம் இருந்த இடத்திலேயே கொசுவலைக்குள் இருந்துவிட்டு, பிறகு ஊர் செல்வது உற்றாருக்குச் செய்யும் நன்மை.

நேயர்களே, ஏடிஸ் கொசு நெடுந்தொலைவு பறப்பதில்லை. பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு அடிகளுக்குள்ளேயே பெரும்பாலும் அதன் வாழ்நாள் கழிகிறது. உங்கள் வீட்டில் உங்களைக் கடிக்கும் கொசு உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்தது. அடுத்த வீட்டுக்காரர் வேறு மொழி பேசுபவராக இருக்கலாம். அவரை அணுகி, வாரம் ஒரு நாளை இருவரும் சேர்ந்து குறித்துக்கொண்டு, தொட்டியையும் பீப்பாயையும் கூலரையும் கழுவிக் கவிழ்த்து விடுங்கள். அதற்கு அதிக மொழியறிவு வேண்டியதில்லை. இவ்வாரத்து ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.